பணம் கட்டிய திருடர்களுக்கு ஒரு கையேடு

டிசைன் மென்பொருளைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றப் போகிறவருக்கு நிறுவனங்கள் சொல்லும் முதல் அறிவுரை இது: பழைய கம்ப்யூட்டரில் இருப்பதை முதலில் டிஆக்டிவேட் செய்யுங்கள், பிறகு புதியதில் ஏற்றுங்கள். எவ்வளவு எளிமை! பழைய கம்ப்யூட்டரை அவர் ஏன் மாற்றுகிறார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஹார்ட் டிஸ்க் போயிருக்கும். மின்னல் இறங்கி மதர்போர்டு கருகியிருக்கும். சர்வீஸ் பையன் வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஃபார்மட் அடித்துவிட்டுப் போயிருப்பான். இப்போது அந்தக் கருகிய கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரவைத்து, ‘ஹெல்ப்’ மெனுவைத் திறந்து, "நான் இனி இல்லை" என்று அதன் வாயாலேயே கலிஃபோர்னியாவுக்குத் தகவல் சொல்லவைக்க வேண்டும். இறப்புச் சான்றிதழுக்கு இறந்தவரே நேரில் வர வேண்டும் என்று நம் ஊர் நகராட்சிகூட இதுவரை கேட்டதில்லை. கேட்கும் துணிச்சல் சாஃப்ட்வேர் கம்பெனிக்குத்தான் வந்தது.

சிவகாசியில் ஒரு டிசைனிங் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் ஆல்பம் வந்துவிடும். அன்றிலிருந்து மார்கழி வரை கடைக்கார அண்ணாச்சிக்குத் தூக்கம் கிடையாது. கார்த்திகையில் ஒரு சிஸ்டம் படுத்துவிடுகிறது. கடன் சொல்லிப் புதுசு வாங்கி, முறையாகக் காசு கட்டி வாங்கிய மென்பொருளை ஏற்றுகிறார். ஆக்டிவேஷன் வரம்பு தாண்டிவிட்டது என்று திரை சொல்கிறது. ஜவுளிக்கடை முதலாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முருகன் காலடியில் தன் கடைப் பெயர் சிவப்பில் வர வேண்டும், ராத்திரிக்குள் பிளேட் போட்டாக வேண்டும். கஸ்டமர் கேருக்குப் போன் போகிறது. முக்கால் மணி நேரம் பியானோ வாசித்துக் காட்டிவிட்டு ஒரு பையன் வருகிறான்.

"சார், உங்க ரெண்டு ஆக்டிவேஷனும் ஏற்கனவே யூஸ்ல இருக்கு சார்."

"அதுல ஒண்ணு செத்துப்போச்சு தம்பி."

"அதை டிஆக்டிவேட் பண்ணீங்களா சார்?"

"செத்துப்போச்சுன்னு சொல்றேம்லா."

"புரியுது சார். அந்த சிஸ்டத்தை ஆன் பண்ணி, டிஆக்டிவேட் பண்ணிட்டு, மறுபடி எங்களைக் கூப்பிடுங்க சார். வேற ஏதாவது ஹெல்ப் வேணுமா சார்?"

அந்தப் பையன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவன் முன்னால் இருக்கும் திரையிலும் அவனுக்கு அனுமதித்த பொத்தான்கள் மட்டும்தான் இருக்கும்.

பக்கத்துக் கடையில் கிராக் போட்ட பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆக்டிவேஷனும் இல்லை, வரம்பும் இல்லை. அனுமதி கேட்கிற பகுதியைத்தான் கிராக் செய்தவன் முதல் வேலையாக வெட்டி எறிந்துவிட்டானே. கீஜென் என்ற குட்டி நிரல்கள் இருந்தன; திருட்டு சீரியல் எண்ணைத் தயாரித்துக் கொடுக்கும்போது கூடவே துள்ளலாக ஒரு இசையும் போடும். அந்த இசைக்கென்றே ரசிகர் கூட்டம் உண்டு. திருடனுக்குப் பாட்டும் எண்ணும் ஒரே நொடியில். பணம் கட்டியவனுக்குப் பாட்டு மட்டும், முக்கால் மணி நேரம்.

அண்ணாச்சி பக்கத்துக் கடைக்காரரின் வழியில் போகக் கூடாதா என்றால், கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் ஒரு நிரலைப் பயன்படுத்தினால் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். சரி, திருட்டுக்குத் தண்டனை வேண்டியதுதான். விற்ற பொருளை வேலை செய்யவிடாமல் நிறுத்துகிறவனுக்கு எந்தப் பிரிவில் எத்தனை நாள்? அந்தப் பக்கம் சட்டப் புத்தகத்தில் அச்சாகவில்லை.

பல வருடம் கிராக்கில் ஓட்டிவிட்டு, மனசாட்சி உறுத்தியோ ஆடிட்டர் மிரட்டியோ ஒரிஜினலுக்கு மாறுகிறவரின் கதை இன்னும் விசேஷம். அந்தக் காலத்தில் கிராக் போட்டவன், மென்பொருள் தன் கம்பெனியோடு பேசிவிடக் கூடாதென்று விண்டோஸின் ‘ஹோஸ்ட்ஸ்’ ஃபைலில் நாலு வரி எழுதி வழியை அடைத்து வைத்திருப்பான். கிராக் போனாலும் அந்த வரிகள் போகாது. காசு கட்டி வாங்கிய புதுப் பதிப்பு சர்வரைத் தேடும், வழி அடைத்திருக்கும், லைசென்ஸ் செல்லாது என்று கையை விரித்துவிடும். திருடனாக இருந்த வரை ஒரு தடங்கலும் இல்லாதவருக்கு, திருந்திய அன்றைக்கே முதல் தண்டனை.

இதையெல்லாம் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிச் சொல்லி நம்மைப் பழக்கிவிட்டார்கள். பூட்டு பூட்டிக்கொண்டால் அதைக் கோளாறு என்பார்களா? ஆக்டிவேஷன் என்பது பூட்டு. சீரியல் எண்ணையும் உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு போன்ற உறுப்புகளின் அடையாளங்களையும் சேர்த்துப் பிசைந்து ஒரு கையெழுத்தை உண்டாக்கி, கம்பெனி தன் ஏட்டில் பதிந்துகொள்கிறது. உறுப்பு மாறினால் கையெழுத்து மாறும். கையெழுத்து மாறினால் நீங்கள் வேறு ஆள். மதர்போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டாலும் போதும். தேதியைத் திருத்தி ஏமாற்றப் பார்க்கிறார் என்று சந்தேகம் வந்துவிடும். ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு பேட்டரிக்காக, ஆயிரக்கணக்கில் பணம் கட்டியவர் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறார்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2001-இல் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வந்தபோது பெட்டியில் இருந்த எண்ணை அடித்தால் திறந்தது, அவ்வளவுதான். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. திருவல்லிக்கேணி டி.டி.பி. கடைகளில் அது பல காலம் உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடுத் தமிழ் தெரியாது. இன்டிசைனின் பழைய பதிப்புகளிலும் யூனிகோடுத் தமிழைக் கொட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். அதனால் தமிழ்க்காரன் பதிப்பை மாற்றுவது ஜம்பத்துக்காக அல்ல. ‘கொ’வை ‘கொ’வாகப் பார்ப்பதற்கே மேலே ஏற வேண்டியிருந்தது. ஏறிய படியில்தான் பூட்டு.

அடோபி நிறுவனம் 2003-இல் ஃபோட்டோஷாப் சி.எஸ். பதிப்பின் விண்டோஸ் பிரதியில் ஆக்டிவேஷனைக் கொண்டுவந்தது. 2005-இல் சி.எஸ். 2. ‘நிரந்தர’ லைசென்ஸ் என்றுதான் விற்றார்கள். 2012 டிசம்பரில் சி.எஸ். 2-க்கு ஆக்டிவேஷன் கொடுக்கும் சர்வரை மூடினார்கள். நிரந்தரத்தின் ஆயுள் ஏழு வருடம். ஒரு கிரைண்டர்கூட அதைவிட அதிகம் உழைக்கும். மூடிய பிறகு, பழைய வாடிக்கையாளர் தவிக்கக் கூடாதென்று, ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியையும் அதற்கான சீரியல் எண்ணையும் தங்கள் தளத்திலேயே போட்டார்கள். அதைச் செய்தார்கள் என்பதை மறைக்க மாட்டேன், அதில்தானே குட்டு வெளிப்பட்டது. பூட்டே இல்லாத பிரதியை அவர்களால் செய்துகொடுக்க முடியும்! அடுத்த மாதம் உலகமே வரிசையில் நின்று அதை இறக்கிக்கொண்டது. இது இலவசம் அல்ல, ஏற்கனவே வாங்கியவர்களுக்கு மட்டும் என்று கம்பெனி கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. 2013 மே மாதம் நிரந்தரம் என்ற பேச்சையே எடுத்துவிட்டார்கள். இனிப் புதுப் பதிப்பு வேண்டுமென்றால் சந்தாதான். மாதா மாதம் கட்டு, கட்டும் வரை திற.

அடுத்த வருடமே அழகு தெரிந்தது. 2014 மே மாதம் தரவுத்தளப் பராமரிப்பில் ஏதோ தவறி, அடோபியின் லாகின் சேவை ஒரு நாளுக்கு மேல் படுத்தது. பணம் கட்டியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நின்றார்கள். கிராக் போட்டவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

2019 மே மாதம் அதே நிறுவனம் சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. நீங்கள் வைத்திருக்கும் பழைய பதிப்பைப் பயன்படுத்த உங்களுக்கு இனி உரிமை இல்லை, தொடர்ந்து பயன்படுத்தினால் மூன்றாம் தரப்பினர் உங்கள் மேல் உரிமை மீறல் வழக்குப் போடக்கூடும் என்பது அதன் சாரம். பெறுநர் யார்? ஒழுங்காக மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர். முந்தைய வருடம்தான் டால்பி நிறுவனம், உரிமைத் தொகைக் கணக்கு தொடர்பாக அடோபி மேல் வழக்குப் போட்டிருந்தது. இரண்டு யானை மோதினால் புல்லுக்கு வலி என்பது பழைய கதை. இங்கே புல்லுக்கு வக்கீல் நோட்டீஸ் மாதிரியான கடிதமும் வந்தது. பதிப்பை மாற்றாமல் இருந்தால் பிரச்சினை இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கும் அதோடு வாயடைத்துப்போனது. மாற்றினால் ஆக்டிவேஷன் சிக்கல், மாற்றாவிட்டால் வழக்கு மிரட்டல்.

அந்த வருடம் அக்டோபரில் வெனிசுவேலா. அமெரிக்க அதிபர் கையெழுத்திட்ட ஓர் ஆணையைக் காட்டி, அந்த நாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. வேலைகளை இறக்கிக்கொள்ள 28-ஆம் தேதி வரை கெடு. கட்டிய பணம்? திருப்பித் தருவதையும் அந்த ஆணை தடுக்கிறது என்று முதலில் சொன்னார்கள். காரக்காஸில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு டிசைனரின் பணம் திரும்பிப் போனால் அமெரிக்காவின் பாதுகாப்பு என்னவாகும் என்று விளக்கத்தான் ஆளில்லை. ஊர் சிரித்த பிறகு பணம் தருகிறோம் என்றார்கள். கெடு நாள் வந்தபோது அரசிடம் சிறப்பு அனுமதி வாங்கிவிட்டோம், சேவை தொடரும் என்றார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அந்த மூன்று வாரத்தில் உலகம் முழுவதும் உள்ள டிசைனர்களுக்கு ஒன்று விளங்கியிருக்க வேண்டும்: நாம் பிழைக்கும் தொழிலின் சுவிட்ச், நாம் ஓட்டுப் போடாத ஓர் ஆளின் மேசையில் இருக்கிறது. விளங்கியதாகத் தெரியவில்லை. ‘ஐ அக்ரீ’ பொத்தானை அதற்குப் பிறகும் படிக்காமல்தான் அழுத்துகிறோம்.

மென்பொருளைத்தானே பூட்டுகிறார்கள், நான் செய்த வேலை என்னிடம்தானே இருக்கிறது என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். 2022 நவம்பரில் அந்த ஆறுதலும் கறுத்தது. கறுத்தது என்பது உவமை இல்லை. பான்டோன் நிறுவனத்தின் நிறங்களுக்கான உரிமை ஏற்பாடு மாறியதால், அந்த நிறங்களைப் பயன்படுத்தியிருந்த பழைய ஃபோட்டோஷாப் ஃபைல்களைத் திறந்தால் அந்த இடமெல்லாம் கறுப்பாக வந்தது. நிறம் திரும்ப வேண்டுமானால் பான்டோனின் தனிச் சந்தா. மாதம் 15 டாலர் என்று செய்திகள் வந்தன. கம்பெனி லோகோவின் ஸ்பாட் கலரைப் பல வருடம் முன்பு ஒருவர் தேர்ந்தெடுத்து, வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கி, அச்சடித்துப் பணமும் பெற்றுவிட்டார். அந்த நிறத்துக்கு இன்றைக்கு வாடகை கேட்கிறார்கள். ஸ்டூவர்ட் செம்பில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் கோபத்தில் அதற்கு நெருக்கமான நிறங்களைத் தானே தொகுத்து இலவசமாக வெளியிட்டார். ஒரு ஓவியருக்கு வந்த ரோஷம் நம் அச்சகத் தொழிலில் ஒருவருக்கும் வரவில்லை. 2023 ஜனவரியோடு டைப் 1 வகை எழுத்துருக்களையும் அடோபி கைவிட்டது. அந்த வகையில் தமிழ் எழுத்துரு வாங்கி, அதில் புத்தகம் புத்தகமாகக் கோத்து வைத்திருந்த பதிப்பகத்தார், புதுப் பதிப்பில் பழைய ஃபைலைத் திறந்தால் எழுத்துரு காணவில்லை என்ற அறிவிப்பைத்தான் படிக்க முடியும்.

அடோபியை மட்டும் திட்டினால் மற்றவர்கள் யோக்கியர் ஆகிவிடுவார்கள். ஆட்டோகேட் விற்கும் ஆட்டோடெஸ்க் 2016-இல் நிரந்தர லைசென்ஸ் விற்பதை நிறுத்தியது. ஏற்கனவே வாங்கியவர்கள் பராமரிப்புக் கட்டணம் கட்டிப் புதுப் பதிப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டணத்தை 2017-இல் 5 சதவீதம், 2018-இல் 10, 2019-இல் 20 என்று ஏற்றப்போவதாக முன்கூட்டியே அறிவித்தார்கள். எவ்வளவு நாகரிகம் பாருங்கள், கழுத்தைப் பிடித்துத் தள்ளும் தேதியையும் சதவீதத்தையும் எழுதியே கொடுத்தார்கள்.

சியாட்டிலில் டிமோதி வெர்னர் என்று ஒருவர். யாரோ பயன்படுத்திய ஆட்டோகேட் பதிப்பு 14 பெட்டிகளை வாங்கி ஈபேயில் விற்றார். ஆட்டோடெஸ்க் தடுத்தது. அவர் வழக்குப் போட்டார், 2009-இல் ஜெயித்தார். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது: மென்பொருளை யாரும் விற்கவில்லை, லைசென்ஸ்தான் கொடுத்தார்கள், ஆகவே உங்களிடம் இருப்பது உங்களுடையது அல்ல. இரண்டே வருடத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரம்பில்லாத லைசென்ஸைப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனைதான், வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்றது. அட்லான்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் நீங்கள் முதலாளி, அந்தப் பக்கம் குடக்கூலிக்காரர். இந்தியப் பெருங்கடலில் நீங்கள் யார் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

வெளியேறலாமே என்கிறீர்களா? 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மேல் வழக்குத் தொடர்ந்தது. வருடச் சந்தாவை மாதத் தவணைபோலக் காட்டி, நடுவில் நிறுத்தினால் மீதிப் பணத்தில் பாதியைக் கட்ட வேண்டும் என்பதைக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்தார்கள், நிறுத்துகிறவர்களையும் அலைக்கழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கட்டணம் நிறுவனத்துக்கு ஹெராயின் மாதிரி என்று உள்ளே இருந்த அதிகாரி ஒருவரே சொன்னதாக மனுவில் இருக்கிறது. போதை அவர்களுக்கு; ஊசிக்குக் காசும் நரம்பும் நம்முடையவை.

இனிக் கையேடு. பணம் கட்டிய திருடர்களே, கவனமாகக் கேளுங்கள். பழைய சிஸ்டம் இருமத் தொடங்கும்போதே, சாவதற்கு முன்பே, அதிலிருந்து டிஆக்டிவேட் செய்யுங்கள் அல்லது கணக்கிலிருந்து வெளியேறுங்கள். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் மாற்றுவதற்கும் ஃபார்மட் அடிப்பதற்கும் முன்னால் இதைச் செய்யாமல் சர்வீஸ் பையனை ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிடாதீர்கள். கணக்கைக் கடை முதலாளியின் இ-மெயிலில் வையுங்கள். ஏற்றிக்கொடுத்த பையனின் இ-மெயிலில் வைத்தால், அவன் துபாய்க்குப் போகிற அன்று உங்கள் ஃபோட்டோஷாப்பும் விமானம் ஏறிவிடும். சீரியல் எண்ணையும் பில்லையும் காகிதத்தில் அச்சடித்து வையுங்கள், அச்சகக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்கு மன்னிக்கவும். சீஸன் நடுவில் எந்தப் பதிப்பையும் மாற்றாதீர்கள். கிரியேட்டிவ் கிளவுடில் புதியதை ஏற்றும்போது பழைய பதிப்பை நீக்கு என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு மேலே போங்கள். வேலை முடிந்த ஃபைலுக்கு எழுத்துருவைக் கர்வ் பண்ணிய பி.டி.எஃப். ஒன்று, இன்டிசைன் என்றால் ஐ.டி.எம்.எல். ஒன்று, வெளியே தனி டிஸ்க்கில் வையுங்கள். வருடச் சந்தாக்காரர் இணையம் இல்லாமல் 99 நாள் வரை ஓட்டலாம், மாதச் சந்தாக்காரர் 30 நாள். அதற்குள் ஒருமுறையாவது சர்வருக்கு முகம் காட்டிவிட வேண்டும். ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பழைய பாவத்தின் வரிகளை அழியுங்கள். மதர்போர்டு பேட்டரியை மாற்றுங்கள்.

இத்தனையும் செய்தால் பிரச்சினை வராதா? குறையும். இந்தப் பட்டியலில் ஒரு வரிகூட டிசைன் சம்பந்தப்பட்டது இல்லை என்பதைப் பார்த்தீர்களா? எழுத்துருவின் இடைவெளி, மையின் அடர்த்தி, காகிதம் உறிஞ்சும் அளவு என்று கற்றுக்கொள்ள ஆயிரம் விஷயம் உள்ள ஒரு தொழிலில், கம்பெனியின் வாட்ச்மேனுக்குச் சலாம் போடும் முறையைச் சம்பளமில்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு நம்மைவிட முதுகெலும்பு அதிகம். ‘தி க்ரூ’ என்ற விளையாட்டின் சர்வரை 2024-இல் யூபிசாஃப்ட் மூடியபோது, விற்ற விளையாட்டைக் கொல்லாதே என்று இயக்கமே நடத்தி, 2025-இல் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குப் போனது பொழுதுபோக்கு. நமக்குப் போவது சோறு. நாம் இன்னும் ஹோல்டில் பியானோ கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நம் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் வேலை மிகுதியில் இருப்பதால் 63பி-க்குத் துணையாக 63சி என்று ஒரு பிரிவை நானே எழுதித் தருகிறேன். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த நிரலை, வாங்கியவர் குற்றம் எதுவும் இல்லாமல் ஓடவிடாது தடுக்கும் நிறுவனத்தின் தலைமை அதிகாரிக்குக் குறைந்தது ஏழு நாள் சிறை. கார்த்திகை மாதத்தில், சிவகாசியில். சர்வரை மூடும் நிறுவனம், பூட்டில்லாத பிரதியை மூடுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அதைத் தங்களால் செய்ய முடியும் என்று ஏற்கனவே காட்டிவிட்டார்கள். ஏழாம் நாள் அதிகாரி விடுதலைக்கு விண்ணப்பிக்கலாம். அவர் ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் இருப்பதாகச் சிறையின் கம்ப்யூட்டர் கணக்குக் காட்டினால், தான் இல்லாத அறைக்குள் போய், அங்கிருந்து முறைப்படி வெளியேறிவிட்டு, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.